2025-ல் வந்த கேம்கள்: எதை வாங்கலாம், எங்கே மாட்டிக்கொள்வீர்கள்

கேட்டது இது: 2025-ல் வந்த கேம்களில் உங்களுக்குப் பிடித்தவை எவை? கையில் இருப்பது ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு (4 ஜிபி) உள்ள லேப்டாப், 16 ஜிபி ரேம், 100 எம்பிபிஎஸ் ஃபைபர். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் கிடைக்கும். ஊர் சென்னை.

விருது வாங்கிய கேம்களின் பட்டியல் எங்கும் கிடைக்கும். வாங்கியவர்கள் எந்த இடத்தில் வெறுத்துப்போய் அழித்துவிடுகிறார்கள் என்பது அந்தப் பட்டியலில் இருக்காது. நல்ல கேம் ஒவ்வொன்றிலும் அப்படி ஒரு இடம் உண்டு, பெரும்பாலும் முதல் ஐந்து மணி நேரத்துக்குள்ளேயே. கேம் வாய்விட்டுச் சொல்லாத ஏதோ ஒரு விதி அங்கே காலை வாரிவிடும். அதனால் பிடித்ததைச் சொல்லும்போதே அந்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் லேப்டாப்பில் ஓடுமா என்பதையும் கூடவே சொல்கிறேன்.

முதல் இடம் ஹாலோ நைட்: சில்க்சாங். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டைச் சேர்ந்த டீம் செர்ரி என்ற மிகச் சிறிய குழு 2019 பிப்ரவரியில் அறிவித்து, 2025 செப்டம்பர் 4-ம் தேதிதான் வெளியிட்டது. அன்று ஸ்டீம் உட்பட ஆன்லைன் கடைகள் கூட்டம் தாங்காமல் படுத்துவிட்டன. எல்லாம் கையால் வரைந்த இரு பரிமாணப் படங்கள், தேவையான இடம் 8 ஜிபி. 1650 என்ன, தனி கிராஃபிக்ஸ் கார்டே இல்லாத ஆபீஸ் லேப்டாப்பிலும் ஓடும்.

இதில் ஆட்கள் கைவிடுவது கணக்குத் தெரியாமல்தான். உங்களுக்கு ஆரம்பத்தில் ஐந்து முகமூடி, அதாவது ஐந்து உயிர்ப்புள்ளி. முதல் பாஸ்கள் (பெரிய எதிரிகள்) சிலவற்றைத் தாண்டியதும் ஓர் அடிக்கு இரண்டு முகமூடி போகிற எதிரிகள் வந்துவிடுகிறார்கள். ஐந்து, மூன்று, ஒன்று, சாவு. மூன்றே அடி. பழைய ஹாலோ நைட்டில் ஒவ்வொரு முகமூடியாகத் திரும்பப் பெறலாம். இங்கே ஒன்பது பட்டுநூலைக் கொடுத்தால் மூன்று முகமூடி ஒரே தடவையில் வரும். அதனால் பழைய ஆட்டக்காரர்கள் "இன்னும் ஒன்று போகட்டும், மூன்றும் வீணாகாமல் வாங்கலாம்" என்று காத்திருந்து செத்துப்போகிறார்கள். முதல் இரட்டை அடி விழுந்து மூன்று முகமூடி மிஞ்சியதும், நூலும் இடைவெளியும் இருந்தால் உடனே குணமாக்கிவிடுங்கள். வீணாவது ஒரே ஒரு முகமூடி. இரண்டாவது அடி வரை காத்திருந்தால் ஒற்றை முகமூடியோடு நிற்பீர்கள், அப்போது பாஸ் மூச்சுவிடக்கூட இடம் தராது. குணமாக்கும் நேரத்தில் அடி விழுந்தால் ஒன்பது நூலும் போய்விடும். குதித்து, காற்றில் இருக்கும்போதே குணமாக்கலாம் என்பதைப் பலர் பாதி கேம் தாண்டிய பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள். தரையில் ஓடிவந்து மோதும் எதிரிகளிடம் பாதுகாப்பான வழி அதுதான்.

அடுத்த சிக்கல் கீழ்நோக்கிய குத்து. கேமின் நாயகி ஹார்னெட் நேர் கீழே குத்தமாட்டாள், சாய்வாகப் பாய்வாள். சிவப்புப் பூக்களின் மேல் துள்ளிப் போகவேண்டிய இடங்களில் பூவுக்கு நேர் மேலே போய் அழுத்தினால் முள்ளில்தான் விழுவீர்கள். ஓர் உடல் நீளம் தள்ளி நின்று, மூலைவிட்டமாகப் பூவைப் பார்த்து அழுத்தவேண்டும். அனலாக் குச்சியில் ஆடினால் திசை லேசாகப் பிசகி பக்கவாட்டுக் குத்தாக மாறிவிடும். டி-பேடுக்கு மாறினால் பாதித் தொல்லை தீரும். அப்படியும் கைக்கு வரவில்லையென்றால், தொடக்க ஊரான போன் பாட்டத்தில் பெப் விற்கும் சிம்பிள் கீயை வாங்குங்கள். அதே வட்டாரத்தில் ஒரு பூட்டிய கதவுக்குப் பின்னால் வாண்டரர் க்ரெஸ்ட் என்ற, சண்டை முறையை மாற்றும் சின்னம் இருக்கிறது. அதைப் போட்டால் பழைய கேம் மாதிரியே நேர் கீழே குத்தலாம். குத்தின் நீளம் குறையும், வேகம் கூடும்.

செத்தால் கையிலிருக்கும் ரோசரி மணிகள் செத்த இடத்திலேயே கிடக்கும். திரும்பப் போய் எடுக்கும் முன் இன்னொரு தடவை செத்தால் மொத்தமும் போச்சு. ஊர்களில் மணிகளைக் கோர்த்துத் தரும் எந்திரங்கள் உண்டு. 80 மணி போட்டால் 60 மணிச் சரம் வரும், செத்தாலும் அந்தச் சரம் உங்களிடமே இருக்கும். 20 மணி கூலி கொஞ்சம் அடாவடிதான். ஆனாலும் புது இடத்துக்குள் நுழையும் முன் 200 மணிக்கு மேல் கையில் வைத்திருப்பதைவிட இது மேல். எறியும் ஊசி, பொறி போன்ற கருவிகளைச் சேமித்து வைக்காதீர்கள். அவற்றை நிரப்பும் ஓட்டுச் சில்லுகளுக்கு உச்ச வரம்பு உண்டு, அது நிரம்பிய பிறகு பொறுக்குவதெல்லாம் வீண். பாஸ் சண்டைகளில் தாராளமாக எறியுங்கள்.

ஹன்டர்ஸ் மார்ச் என்ற இடத்துக்குள் மூன்றாவது மணி நேரத்திலேயே போய்விட முடியும். போகவேண்டிய அவசியம் இல்லை. அங்கே அடிமேல் அடி வாங்கி "இந்த கேம் நமக்கு ஆகாது" என்று முடிவுகட்டியவர்கள் நிறைய. திரும்பி வேறு வழியில் போங்கள். மூர்விங், சிஸ்டர் ஸ்பிளின்டர் என்ற இரண்டு பாஸ்களையும் முதல் பேட்சிலேயே (வெளியான பிறகு வரும் திருத்தம்) கொஞ்சம் தணித்துவிட்டார்கள். அதனால் வெளியான வாரத்துப் புலம்பல்களைப் படித்துப் பயப்பட வேண்டாம்.

பாஸிடம் பத்துத் தடவை தோற்றால் அன்றைக்கு மூடிவிட்டு, மறுநாள் வேறு பக்கம் சுற்றுங்கள். ஒரு மணி நேரம் மட்டும் கிடைப்பவருக்கு இது பொருந்தும், நடுநடுவே உட்கார்ந்து சேவ் செய்யும் பெஞ்சுகள் இருப்பதால்.

அடுத்தது க்ளேர் ஆப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33. பிரான்சின் மோன்பெல்லியே நகரத்து சான்ட்ஃபால் இன்டராக்டிவ் செய்தது, 2025 ஏப்ரல் 24-ல் வந்தது, ஆண்டின் சிறந்த கேமுக்கான தி கேம் அவார்ட்ஸ் விருதை வாங்கியது. கதையின் கரு ஒரே வரியில்: ஓர் ஓவியக்காரி ஆண்டுக்கு ஒருமுறை ஒரு தூணில் ஓர் எண்ணை எழுதுவாள், அந்த வயதைத் தொட்டவர்கள் அத்தனை பேரும் பூவிதழாகக் கரைந்துவிடுவார்கள். எண் வருஷாவருஷம் இறங்கிக்கொண்டே வருகிறது. அவளைக் கொல்லக் கிளம்பும் படையின் பெயரில் உள்ள 33 அதுதான். தொடக்கத்து ஒரு மணி நேரத்தை அவசரப்படாமல் பாருங்கள், 2025-ன் மிகச் சிறந்த கேம் தொடக்கம் என் கணக்கில் அதுதான்.

உங்கள் லேப்டாப்புக்கு இது இழுபறி. குறைந்தபட்சத் தேவை என்று போட்டிருப்பது 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1060, உங்கள் கார்டில் 4 ஜிபி. எல்லாவற்றையும் லோவில் வைத்து, டெக்ஸ்சரையும் லோவுக்கு இறக்கி, எக்ஸ்இஎஸ்எஸ் அல்லது டிஎஸ்ஆர் வழியாகப் படத்தைப் பெரிதாக்கினால் ஓட வாய்ப்புண்டு, கதை நடக்கும் இடங்களில் திணறலோடு. அதே வேலையைச் செய்யும் டிஎல்எஸ்எஸ் உங்கள் கார்டில் கிடையாது, அதற்கு ஆர்டிஎக்ஸ் வேண்டும். ஹார்ட் டிஸ்க்கில் போடாதீர்கள், எஸ்எஸ்டி கட்டாயம். 55 ஜிபி பிடிக்கும்.

சண்டை ஆளுக்கொரு முறை. ஆனால் எதிரி அடிக்கும்போது சரியான நொடியில் பட்டன் அழுத்தி விலகலாம், இல்லை தடுக்கலாம். தடுத்தால் ஒவ்வோர் அடிக்கும் ஒரு ஏபி (திறன்களைப் பயன்படுத்தச் செலவாகும் புள்ளி) கிடைக்கும், அடுக்கடி முழுவதையும் தடுத்தால் பதிலடி கிடைக்கும். விலகுவதற்கான இடைவெளி அகலம், தடுப்பதற்கானது குறுகல். எல்லோரும் முதல் சண்டையிலேயே தடுக்கப் பார்த்து நொறுங்குகிறார்கள். முறை இதுதான்: புது எதிரியிடம் முதலில் விலகிக்கொண்டே இருங்கள். "பெர்ஃபெக்ட்" என்று வந்தால், அந்த நேரத்தில் தடுத்திருந்தாலும் வெற்றிதான் என்று பொருள். ஓர் அடிமுறைக்கு மூன்று தடவை தொடர்ந்து பெர்ஃபெக்ட் வந்த பிறகு தடுப்புக்கு மாறுங்கள். ஆரம்பத்திலேயே கிடைக்கும் டாட்ஜர் என்ற பிக்டோவை (மாட்டிக்கொண்டால் ஒரு திறனைத் தரும் பொருள்) மாட்டினால் பெர்ஃபெக்ட் விலகலுக்கும் ஏபி வரும், ஆகவே கற்றுக்கொள்ளும் காலத்தில் நஷ்டம் இல்லை.

எதிரிகள் வேண்டுமென்றே ஏமாற்றுவார்கள். வாளை ஓங்கி, ஒரு நொடி தொங்கவிட்டு, பிறகு இறக்குவார்கள். ஓங்குவதைப் பார்த்து அழுத்துபவர் தோற்பார். இறங்கத் தொடங்கும்போது வரும் காற்றுச் சத்தத்தைக் கேட்டு அழுத்துங்கள். ப்ளூடூத் ஹெட்ஃபோன் போட்டு ஆடுபவர்கள் மாட்டுவது இங்கேதான். சாதாரண ப்ளூடூத்தில் சத்தம் 100 முதல் 200 மில்லிசெகண்ட் வரை தாமதமாக வரும், அதற்குள் தடுக்கும் இடைவெளியே முடிந்திருக்கும். வயர் ஹெட்ஃபோன் போதும், விலை முந்நூறு ரூபாயானாலும் சரி. டிவியில் இணைத்து ஆடினால் கேம் மோடைப் போடுங்கள், படத்தை மெருகேற்றும் வேலைகளே தாமதத்தைக் கூட்டுகின்றன. 30 எஃப்பிஎஸ்ஸில் (நொடிக்கு 30 ஃபிரேம்) ஒரு ஃபிரேம் 33 மில்லிசெகண்ட், 60-ல் அதில் பாதி. ஆகவே படத்தின் அழகைக் குறைத்தாவது ஃபிரேமை நிலையாக வையுங்கள். 45-க்கும் 28-க்கும் நடுவே தாவிக்கொண்டிருப்பதைவிட, 30-ல் பூட்டிவைத்து ஆடினால் கை சீக்கிரம் பழகும்.

பிக்டோ கணக்கையும் கேம் அவசரமாகச் சொல்லிவிட்டுப் போய்விடும். ஒரு பிக்டோவை மாட்டிக்கொண்டு நான்கு சண்டை ஜெயித்தால் அதன் திறன் குழுவுக்கே சொந்தமாகிவிடும். பிறகு அந்த பிக்டோவைக் கழற்றிவிட்டு, லூமினா புள்ளிகளைச் செலவழித்து யார் வேண்டுமானாலும் அந்தத் திறனைப் போட்டுக்கொள்ளலாம். அதனால் பிடித்த மூன்றையே கடைசி வரை மாட்டிக்கொண்டு திரிவது தவறு. நான்கு சண்டைக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருங்கள். லெவல் ஏறும்போது வரும் புள்ளிகளை, கையிலிருக்கும் ஆயுதம் எந்த இரண்டு குணத்தோடு சேர்ந்து வளர்கிறதோ அவற்றில் போடுங்கள். ஐந்திலும் தூவினால் எதுவும் தேறாது.

முதல் பகுதியான ஸ்பிரிங் மெடோஸில் குரோமாட்டிக் லான்ஸலியர் என்ற பெரிய எதிரி நிற்கும். கதைக்கு அது தேவையில்லை. இப்போது விட்டுவிட்டு பத்து லெவல் கழித்து வாருங்கள். கை வேகமே போதாதென்றால் ஸ்டோரி என்ற எளிய நிலையைத் தேர்ந்தெடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தாக்கும்போது வரும் பட்டன் அழுத்தல்களை கேமே பார்த்துக்கொள்ளும்படியும் செட்டிங்ஸில் மாற்றலாம். தடுப்பதும் விலகுவதும் மட்டும் உங்கள் பொறுப்பு. பிரெஞ்சுக் குரலை வைத்து சப்டைட்டில் படித்தால் ஊரின் வாடை கூடுகிறது, ஆனால் சண்டை நடுவே பேசுவதைப் படிக்க நேரம் இருக்காது.

தமிழ் சப்டைட்டில் இங்கே சொல்லும் எந்த கேமிலும் இல்லை. அது ப்ளூ பிரின்ஸில் உண்மையான தடை. டோகுபாம்ப் செய்து 2025 ஏப்ரல் 10-ல் வந்தது. ஐந்து அகலம், ஒன்பது நீளம், மொத்தம் 45 அறைக்கான கட்டங்கள் உள்ள மாளிகையில் 46-வது அறையைக் கண்டுபிடிக்கவேண்டும். கதவைத் திறக்கும்போதெல்லாம் மூன்று அறைகளைக் காட்டும், ஒன்றை நீங்கள் பொறுக்கிப் பதிக்கவேண்டும். நாளொன்றுக்கு 50 அடி எடுத்துவைக்கலாம், அறைக்குள் நுழைந்தால் ஒன்று குறையும். பொழுது விடிந்தால் மாளிகை காலி, மறுபடி முதலிலிருந்து. புதிர்களில் பாதி ஆங்கிலச் சொல் விளையாட்டு. குறுக்கெழுத்து போடும் அளவுக்கு ஆங்கிலம் வருபவருக்குத் தேன், மற்றவர்களுக்குக் கசக்கும்.

ஆரம்பத்தில் எல்லோரும் செய்யும் தவறு, வடக்கே விழுந்தடித்து ஓடுவது. மேலே போகப் போகப் பூட்டிய கதவுகள் கூடும், கையில் சாவியும் ரத்தினக்கல்லும் இல்லாமல் ஆறாவது வரிசையில் முட்டி நிற்பீர்கள். கீழ் மூன்று வரிசைகளை இடமும் வலமுமாக நிரப்புங்கள். வேறு கதவே இல்லாத முட்டுச்சந்து அறைகளை மூலைகளில் தள்ளிவிடுங்கள், அங்கே அவற்றால் இழப்பில்லை. அப்படிச் சேரும் சாவியோடு மேலே ஏறுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டு கட்டாயம். சுவரில் தொங்கும் படம், கடிதத்தில் வரும் தேதி எல்லாவற்றையும் எழுதுங்கள், முப்பதாவது நாளில் தேவைப்படும். இன்னொன்று, நாள் முடிந்தால்தான் சேவ் ஆகும் என்ற வகையில் வந்த கேம் இது. டெஸ்க்டாப்பில் ஆடுபவர் கரண்ட் போனால் அந்த நாளை இழப்பார். வீட்டு இன்வெர்ட்டரில் யூபிஎஸ் மோட் என்ற பட்டன் இருந்தால் அதைப் போட்டுவையுங்கள். சாதாரண மோடில் மாறும் அந்தக் கண்ணிமைப்பு நேரத்திலேயே கம்ப்யூட்டர் அணைந்துவிடும்.

ஒரு மணி நேரக்காரருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருப்பது ஹேடிஸ் 2. 2024 மே மாதத்திலிருந்து அரைகுறையாக ஆடக்கொடுத்து, 2025 செப்டம்பர் 25-ல் முழுமையாக விட்டார்கள். ஒரு ஓட்டம், அதாவது தொடங்கியதிலிருந்து சாகும் வரை அல்லது ஜெயிக்கும் வரை, முப்பது நாற்பது நிமிஷம், செத்தாலும் கதை நகரும். ஜிடிஎக்ஸ் 950 போதும் என்று போட்டிருக்கிறார்கள், 1650-ல் வழுக்கிக்கொண்டு ஓடும். பழைய ஹேடிஸ் ஆடியவர்கள் பட்டனைத் தட்டித்தட்டியே ஆடி நடுவில் மாட்டுகிறார்கள். இதில் பட்டனைப் பிடித்துவைத்தால் வரும் ஒமேகா அடிகள்தான் உயிர். அதற்கு நீல நிற மேஜிக் அளவு வேண்டும், அதைத் தானாக நிரப்பும் வரம் ஒன்றை முதல் இரண்டு பகுதிக்குள் வாங்கிவிடுங்கள். தரையில் போடும் வட்டத்துக்குள் எதிரிகள் சிக்கிக்கொள்வார்கள், கூட்டம் வந்தால் முதலில் அந்த வட்டம், பிறகு அடி. ரொம்பவும் திணறினால் செட்டிங்ஸில் காட் மோட். ஒவ்வொரு சாவுக்கும் உங்கள் மேல் விழும் அடியின் பலம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், கதையில் எதுவும் வெட்டுப்படாது.

வீட்டில் ஆட இன்னொருவர் இருக்கிறாரா? தம்பியோ, மனைவியோ, மாடி வீட்டு நண்பரோ. அப்படியானால் ஸ்பிளிட் ஃபிக்ஷன். ஹேஸ்லைட் செய்தது, 2025 மார்ச் 6. தனியாக ஆடவே முடியாது. ஒரே லேப்டாப்பில் இருவர் ஆட ஒருவருக்குக் கீபோர்டு, ஒருவருக்குக் கன்ட்ரோலர் போதும். ஆனாலும் இரண்டு கன்ட்ரோலர் வாங்கிவிடுவது நல்லது, கீபோர்டுக்காரர் விமானம் ஓட்டும் இடத்தில் அழுதுவிடுவார். வேறு வேறு வீட்டிலிருந்து ஆடினால் ஒருவர் வாங்கினால் போதும், மற்றவர் ஃபிரெண்ட்ஸ் பாஸை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இருவருக்குமே ஈஏ கணக்கு வேண்டும். கணக்குகளை முதல் நாளே இணைத்துச் சோதித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து பாஸ்வேர்டு மீட்பதிலேயே உற்சாகம் வடிந்துவிடும். திரை பாதியாகப் பிரிவதால் கிராஃபிக்ஸ் கார்டுக்கு வேலை கூடும், 1650-ல் லோவில் வைத்து, தீர்மானத்தை 900பி-க்கு இறக்குங்கள்.

கிங்டம் கம்: டெலிவரன்ஸ் 2 (பிப்ரவரி 4, ப்ராக் நகரத்து வார்ஹார்ஸ்) உங்கள் கார்டுக்குக் கொஞ்சம் பாரம், நேரத்துக்கு ரொம்பவே பாரம். 1403-ம் ஆண்டு பொஹீமியா, 100 ஜிபி. கையில் காசில்லாமல், வாள் பிடிக்கத் தெரியாமல் தொடங்குவீர்கள். முதல் இரவு யார் வீட்டிலோ படுத்தால் விரட்டுவார்கள். டாகோவ் ஊர்க் கொல்லர் ரடோவானிடம் நேராகப் போய் வேலைக்குச் சேருங்கள். படுக்கை கிடைக்கும், உங்களுக்கென்று உள்ள படுக்கையில் தூங்கினால் சேவ் ஆகும், சேவ் செய்யும் சாராயத்தைத் தேடி அலைய வேண்டாம். இரும்படித்து விற்றால் முதல் கவசத்துக்குக் காசும் தேறும். அடுத்து நாடோடிகள் கூடாரத்தில் டாம்கேட் என்பவரிடம் வாள் பயிற்சி. அவர் கற்றுத்தரும் மாஸ்டர் ஸ்டிரைக் தெரியாமல் கொள்ளைக்காரர் இருவரை எதிர்த்தாலே பிணம்தான். சேற்றிலும் ரத்தத்திலும் நனைந்த உடையோடு யாரிடமும் பேரம் பேசாதீர்கள், குளித்துவிட்டுப் போனால் விலையே மாறும்.

ஆன்லைனில் சுட வேண்டுமென்றால் ஆர்க் ரெய்டர்ஸ், அக்டோபர் 30. குறைந்தபட்சம் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்பதால் உங்களிடம் ஓடும். உள்ளே போய்ப் பொருள் சேர்த்து உயிரோடு வெளியேறவேண்டும், செத்தால் கொண்டுபோனதும் போச்சு. பழகும் வரை இலவச மூட்டையோடு போங்கள். வெளியேறும் லிஃப்ட் சத்தம் போட்டு ஊரையே கூட்டும், கூப்பிட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்காமல் தள்ளி ஒளிந்திருங்கள். ஹேட்ச் சாவி கையிலிருந்தால் சத்தமில்லாமல் நழுவலாம். நாலு பேர் சேர்ந்து சிரிக்கத்தான் வேண்டும் என்றால் பீக் போதும். மலையேறவேண்டும், மலை தினமும் மாறும், விலையும் குறைவு.

பிங் (சர்வருக்குத் தரவு போய்த் திரும்பும் நேரம்) பற்றிச் சென்னைக்காரர்கள் புலம்பும்போது ஒன்றைக் கவனிப்பதில்லை. சிங்கப்பூருக்கான கடலடி கேபிள்கள் நம் கடற்கரையில்தான் கரையேறுகின்றன. நேர் வழியில் போனால் சிங்கப்பூர் சர்வருக்கு 35 முதல் 50 மில்லிசெகண்ட்தான் ஆகவேண்டும். 90-ஐத் தாண்டினால் இன்டர்நெட் நிறுவனம் உங்கள் தரவை மும்பை சுற்றி அனுப்புகிறது என்று சந்தேகப்படலாம். கமாண்ட் ப்ராம்ப்டில் tracert என்ற கட்டளையோடு சர்வர் முகவரியைப் போட்டு, நடுவில் எந்த ஊர் வழியாகப் போகிறது என்று படமெடுத்து வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்புங்கள். "நெட் ஸ்லோ" என்று சொன்னால் மோடத்தை அணைத்துப் போடச் சொல்வார்கள், வழித்தடத்தைக் காட்டினால் மேலே அனுப்புவார்கள். லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது, ரூட்டருக்கு இல்லை. 12 வோல்ட் ரூட்டர் யூபிஎஸ் சின்னதாக ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும், வாங்கும் முன் ரூட்டர் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி வாங்கக்கூடாதவை. டூம்: தி டார்க் ஏஜஸ் நல்ல கேம், ஆனால் ரே டிரேசிங் வசதியுள்ள கார்டு இல்லாமல் ஓடாது. செட்டிங்ஸைக் குறைத்துச் சமாளிக்கும் கதை இல்லை. மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ் இதைவிடப் பெரிய கார்டுகளையே திணறடித்தது. பேட்டில்ஃபீல்ட் 6-க்கு ஆர்டிஎக்ஸ் 2060 வேண்டும், அதோடு செக்யூர் பூட், டிபிஎம் 2.0 என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் ஆன் ஆகியிருக்கவேண்டும். இந்தக் கடைசி விஷயம் கடையில் கோத்து வாங்கிய பழைய டெஸ்க்டாப்களில் பெரிய தலைவலி. விண்டோஸை லெகசி முறையில் எம்பிஆர் டிஸ்க்கில் ஏற்றிக் கொடுத்திருப்பார்கள். நேராக பயாஸுக்குள் போய் சிஎஸ்எம்மை (பழைய லெகசி முறையை அனுமதிக்கும் வசதி) அணைத்தால் விண்டோஸே எழாது. முதலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பயாஸ் மோட் லெகசியா யுஇஎஃப்ஐயா என்று பாருங்கள். லெகசி என்றிருந்தால் முக்கியமான ஃபைல்களை வெளியே எடுத்து, பிட்லாக்கர் இருந்தால் நிறுத்தி, விண்டோஸிலேயே இருக்கும் எம்பிஆர்-டூ-ஜிபிடி கருவியால் டிஸ்க்கை மாற்றவேண்டும். முதலில் சரிபார்ப்பு, அது தேறினால் மாற்றம். அதற்குப் பிறகுதான் பயாஸில் சிஎஸ்எம் அணைப்பதும் செக்யூர் பூட் போடுவதும். வரிசை மாறினால் ரிப்பேர் கடைக்குத்தான் போகவேண்டும்.

கன்சோல் வைத்திருப்போருக்கு இரண்டே வரி. பிஎஸ்5-ல் கோஸ்ட் ஆஃப் யோடெய், டெத் ஸ்ட்ராண்டிங் 2 இரண்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஸ்விட்ச் 2-ல் டாங்கி காங் பனான்ஸா அருமை, ஆனால் அந்தக் கருவி இங்கே வெளிநாட்டிலிருந்து வந்த சரக்காகவே கிடைக்கிறது, வாரண்டி என்பது கடைக்காரர் வாய்வார்த்தை.

லேப்டாப்பை ஆட்டத்துக்குத் தயார் செய்யாமல் எதையும் வாங்கவேண்டாம். விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய், கேமுக்கு ஹை பெர்ஃபார்மன்ஸ் என்று தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் சில கேம்கள் 1650-ஐ விட்டுவிட்டு உள்ளிருக்கும் இன்டெல் சிப்பில் ஓடி, "இந்தக் கார்டு வேஸ்ட்" என்ற கெட்ட பெயரை வாங்கித்தரும். டாஸ்க் மேனேஜரில் ரேம் எத்தனை ஸ்லாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். 16 ஜிபியும் ஒரே குச்சியாக இருந்தால் இரண்டு 8 ஜிபியாக மாற்றுவது எஃப்பிஎஸ்ஸில் தெரியும். மே மாதத்து மொட்டைமாடி வீட்டில் ஏசி இல்லாமல் ஆடினால் முதல் இருபது நிமிஷம் நன்றாக ஓடி, பிறகு சூடேறி வேகம் பாதியாகும். பின்பக்கத்தை ஓர் அங்குலம் தூக்கி வையுங்கள், மெத்தைமேல் வைக்காதீர்கள், என்விடியா கன்ட்ரோல் பேனலில் உச்ச ஃபிரேமை 60-ல் பூட்டுங்கள். இரண்டு வருஷம் திறக்காத லேப்டாப் என்றால் தூசி எடுத்து தெர்மல் பேஸ்ட் மாற்றவேண்டும். கண்ணெதிரே திறந்து செய்யும் கடையில் மட்டும் கொடுங்கள். கரண்ட் போய் பேட்டரிக்கு மாறினால் கார்டின் வேகம் சட்டென்று விழும், பாஸ் சண்டை நடுவில் அது நடந்தால் பாஸ் மேல் பழி போடாதீர்கள்.

ஸ்டீமில் டவுன்லோட் ரீஜன் வேறு ஊராக இருந்தால் சென்னைக்கு மாற்றுங்கள். 100 எம்பிபிஎஸ் லைனில் நொடிக்கு 12 மெகாபைட்டுக்கு மேல் வராது, 100 ஜிபி இறங்க இரண்டேகால் மணி நேரம். பணம் யுபிஐயில் கட்டலாம். வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குள் இருந்தால் பணத்தைத் திருப்பித் தருவார்கள். அந்த 2 மணிக்குள் மெனுவில் நிற்பதும் ஷேடர் தயாராகும் நேரமும் சேரும். எக்ஸ்பெடிஷன் 33-ஐ உங்கள் லேப்டாப்பில் சோதிக்க நினைத்தால் அன்றைக்கு மட்டும் கதைக் காட்சிகளைத் தாண்டிவிட்டு ஸ்பிரிங் மெடோஸ் சண்டை வரை நேராகப் போய்ப் பாருங்கள். ஓடினால் புது சேவில் மறுபடி முதலிலிருந்து நிதானமாகத் தொடங்கலாம். ஓடாவிட்டால் அன்றே திருப்பிக் கேளுங்கள், அந்தப் பணத்தில் சில்க்சாங் வாங்கி மிச்சமும் இருக்கும்.